விசா மூன்று வாரம் என்றால், எந்த மூன்று வாரம்?

மதுரை திருநகரில் ஒத்தி வீட்டில் குடியிருக்கும் செவிலியர் ஒருவர் கேட்டிருப்பது இது. இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனை ஒன்றில் அவருக்கு வேலை உறுதியாகியிருக்கிறது. செப்டம்பர் முதல் வாரத்தில் பணியில் சேர வேண்டும். வேலை தரும் மருத்துவமனை விசாவுக்காக வழங்கும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் ஜூன் மாதம் வரும் என்கிறார்கள். கணவரையும் ஆறு வயது மகனையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புகிறார். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு ஆண்டுகள் சவூதியில் பணியாற்றியிருக்கிறார். மகனின் பாஸ்போர்ட் வருகிற பிப்ரவரியில் முடிகிறது. "விசா மூன்றே வாரத்தில் வந்துவிடும், ஆகஸ்டு பிறந்ததும் போட்டால் போதும்" என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். இப்போது மே மாதம் நடக்கிறது. இங்குள்ள வேலையை எப்போது விடுவது, வீட்டுக்காரரிடம் எப்போது சொல்வது, டிக்கெட் எப்போது எடுப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

ஏஜெண்ட் சொன்ன மூன்று வாரம் பொய்யன்று. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் வேலை விசாக்களுக்குப் பிரிட்டிஷ் அரசு பொதுவாகச் சொல்லும் கால அளவு அதுதான். ஆனால் அந்த மூன்று வாரம், இணையத்தில் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. விசா மையத்தில் விரல்ரேகையும் புகைப்படமும் கொடுத்து, ஆவணங்கள் அனைத்தும் சேர்ந்த பிறகே எண்ணப்படுகிறது. அதற்கு முந்தைய காகித வேலைகளும், சென்னையில் அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கக் காத்திருக்கும் நாள்களும், முடிவு வந்த பின் பாஸ்போர்ட் கைக்கு வரும் நாள்களும் அந்தக் கணக்கில் இல்லை. மதுரையிலிருந்து புறப்படுகிறவர்களின் காலம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராத பகுதியில்தான் கரைகிறது.

அரசுகள் வெளியிடும் கால அளவை வாசிப்பதிலும் சற்றுக் கவனம் வேண்டும். கனடா பல வகை விசாக்களுக்கு, வந்த விண்ணப்பங்களில் 80 விழுக்காட்டை முடிக்க எவ்வளவு காலம் ஆனது என்பதையே தருகிறது. அதாவது ஐந்தில் ஒருவருக்கு அதைவிடக் கூடுதலாக ஆகியிருக்கிறது. ஆஸ்திரேலியா 50 விழுக்காட்டுக்கும் 90 விழுக்காட்டுக்கும் தனித்தனியாகத் தருகிறது; திட்டமிடுகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்குச் சொல்லப்படும் 15 நாள் என்பது சுற்றுலா போன்ற குறுகிய காலப் பயணத்துக்கானது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர் நீண்ட காலம் தங்குவதற்காக வாங்கும் தேசிய விசாவுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவிலோ நேர்காணல் தேதிக்குக் காத்திருப்பது ஒரு கணக்கு, நேர்காணலுக்குப் பிந்தைய கூடுதல் சரிபார்ப்பு வேறொரு கணக்கு. ஆகவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை பேருக்குப் பொருந்துகிறது என்று கேட்ட பிறகே நாள்காட்டியைத் தொட வேண்டும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணியில் சேரும் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழையும் அது வழங்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். சான்றிதழ் ஜூனில் வந்துவிடுமானால், ஆகஸ்டு வரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை; காத்திருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. செப்டம்பரில் கல்லூரி தொடங்கும் மாணவர்கள் ஜூலைப் பிற்பகுதியிலிருந்து சென்னை மையத்தை நிறைத்துவிடுவார்கள். நீங்கள் ஜூன் இறுதிக்குள், மிஞ்சிப்போனால் ஜூலை முதல் வாரத்துக்குள், விரல்ரேகை கொடுத்துவிடும்படி திட்டமிடுங்கள். அப்படிச் செய்தால் மூன்று வாரம் ஆறு வாரமாக நீண்டாலும் ஆவணி பிறப்பதற்குள் முடிவு தெரிந்துவிடும். ஆவணியை ஏன் எல்லையாக வைக்கிறேன் என்பதை வீட்டு விஷயத்தில் சொல்கிறேன்.

ஜூனில் விண்ணப்பிக்க வேண்டுமானால் மே மாதத்திலேயே தொடங்க வேண்டியவை மூன்று உண்டு. அவற்றில் பலரும் நினைத்துப் பாராதது காசநோய்ப் பரிசோதனை. பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியர்கள், அந்நாட்டு அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும். நம் ஊரில் நன்கு பெயர் பெற்ற மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. சென்னை போன்ற பெருநகருக்குப் போக வேண்டியிருக்கும். சான்று ஆறு மாதம் செல்லும் என்பதால், "விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது வழக்கம். எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் அதில் கெடுதல் இல்லை. ஆனால் எப்போதோ வந்து ஆறிப்போன தழும்பு ஒன்று நுரையீரலில் தெரிந்தால், சளியை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். அந்த முடிவு வர ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும். பணம் கட்டியோ சிபாரிசு பிடித்தோ அதைக் குறைக்க முடியாது; கிருமி வளர்கிறதா இல்லையா என்று பார்க்க அவ்வளவு நாள் வேண்டும். காசநோய் வார்டில் பணி செய்த செவிலியர்களும், சிறு வயதில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்னும் குழந்தைப் பருவக் காசநோய் வந்து மருந்து சாப்பிட்டவர்களும் இந்த வாய்ப்பை ஒதுக்கித் தள்ள முடியாது. மே மாதமே பரிசோதித்துக்கொண்டால், தழும்பு தெரிந்தாலும் ஜூலையில் முடிவு வந்துவிடும். ஜூலையில் பரிசோதித்தால் செப்டம்பர் போய்விடும். கணவரும் மகனும் உங்களோடு சேர்ந்தே விண்ணப்பிப்பதானால் அவர்களையும் அதே நாளில் அழைத்துச் செல்லுங்கள். பதினோரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாக எக்ஸ்ரே எடுப்பதில்லை. மருத்துவர் பார்த்துக் கேள்வி கேட்டுச் சான்று தருவார்.

இரண்டாவது, போலீஸ் சான்று. மருத்துவத் துறை வேலைக்குப் போகிறவர், கடந்த பத்து ஆண்டுகளில் பதினெட்டு வயதுக்குப் பிறகு எந்தெந்த நாட்டில் மொத்தம் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்தாரோ, அந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் குற்றப் பின்னணி இல்லை என்னும் சான்று கொண்டுவர வேண்டும் என்று பிரிட்டன் கேட்கிறது. இந்தியச் சான்றை, அதாவது எல்லோரும் பி.சி.சி. என்று சொல்வதை, பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து மதுரையிலேயே பெறலாம். உள்ளூர்க் காவல் நிலைய விசாரணை அதில் ஒரு கட்டமாக வரக்கூடும். சித்திரைத் திருவிழா போன்ற பந்தோபஸ்து நாள்களில் அந்தக் கட்டம் தேங்கும்; அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது, அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் நகரத்துப் போலீசார் வேறு வேலை பார்க்க நேரமிருக்காது. இப்போது திருவிழா முடிந்துவிட்டதால் தாமதமின்றி விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போதைய திருநகர் முகவரியும் வேறானால், எந்த நிலையத்துக்கு விசாரணை போகும் என்பதை விண்ணப்பிக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கடினமானது சவூதிச் சான்று. இந்தியாவில் இருந்துகொண்டு அந்நாட்டுச் சான்றைப் பெறுவது, விரல்ரேகைப் பதிவு, சான்றொப்பம், அங்கிருக்கும் நம்பிக்கையான ஒருவரின் உதவி என்று பல கைகள் மாறிப் போகும் வேலை. எத்தனை நாளாகும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. சவூதியை விட்டு வந்தபோதே சான்று வாங்கி வைத்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் இன்றே முயற்சியைத் தொடங்கி, யாருக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்பதையெல்லாம் பத்திரப்படுத்துங்கள். சான்று கிடைக்கவே வழியில்லாத நிலையில், ஏன் கிடைக்கவில்லை என்று எழுத்தில் விளக்கலாம் என்று விதி இடம் தருகிறது. ஆனால் கடைசி வாரத்தில் அனுப்பிய ஒரு மின்னஞ்சலைக் காட்டி விளக்குவதற்கும், மே மாதத்திலிருந்து முயன்றதைக் காட்டி விளக்குவதற்கும் அதிகாரியின் பார்வையில் வேறுபாடு உண்டு.

மூன்றாவது பெயர். நம் பக்கத்தில் இதைவிட அதிக நாளைத் தின்ற விஷயம் வேறொன்றில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் "செல்வி மு" என்று ஓர் எழுத்து முதலெழுத்தாக இருக்கும், நர்சிங் கவுன்சில் பதிவில் அது முன்னால் போய் "மு. செல்வி" ஆகியிருக்கும், பாஸ்போர்ட்டில் முதலெழுத்து விரிந்து "செல்வி முருகேசன்" ஆகியிருக்கும், கல்யாணப் பதிவில் கணவரின் முதலெழுத்து ஏறியிருக்கும். நமக்கு நால்வரும் ஒருவரே. ஆங்கில எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு அது தெரிய வேண்டிய கட்டாயமில்லை. இதில் எல்லா வேறுபாட்டுக்கும் ஒரே மருந்து இல்லை. முதலெழுத்தும் அதன் விரிவும் மட்டுமே வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்னும் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி இணைப்பது பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. பெயரின் எழுத்தே மாறியிருந்தால், அதாவது ஓரிடத்தில் ஓர் உயிரெழுத்து கூடியும் வேறிடத்தில் குறைந்தும் இருந்தால், பாஸ்போர்ட்டையோ சான்றிதழையோ திருத்த வேண்டியிருக்கும். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுத் திருத்துவதானால் வாரக்கணக்கில் ஆகும். இதை ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஏனெனில் மருத்துவமனை அந்தச் சான்றிதழை உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் எண்ணையும் வைத்தே போடுகிறது. வளைகுடா போகிறவர்களுக்கும் இது பொருந்தும்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கலக்கம் ஏற்பட்டது. பிறகு, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தினார்கள்.

உங்கள் திருமணச் சான்றையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் நடந்தது, தேவஸ்தான ரசீது இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது என்று கட்டாக எடுத்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை எதுவும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். பதியாமல் விட்டிருந்தால், கணவருக்கான துணைவர் விசா அந்த ஒரு தாளுக்காக நிற்கும். மகனின் பிறப்புச் சான்றில் அவன் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, உங்கள் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே இருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். பெயர் எழுதாத பிறப்புச் சான்றுகள் நம் ஊரில் அரிதல்ல.

மகனின் பாஸ்போர்ட்டை விண்ணப்பத்துக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். பிப்ரவரி வரை இருக்கிறதே என்று விடலாகாது. விசா பாஸ்போர்ட் எண்ணோடு பிணைக்கப்படுகிறது. விண்ணப்பித்த பின் எண் மாறினால் இரண்டு அலுவலகங்களுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நேரும். முடிவுத் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். குழந்தை என்பதால் பெற்றோர் இருவரின் சம்மதப் படிவமும் வேண்டும். கணவர் வெளியூரில் வேலை செய்தால் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பணக் கணக்கிலும் ஒரு நாள்காட்டி ஒளிந்திருக்கிறது. முதல் மாதச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாக மருத்துவமனை ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் குறிப்பிட்டால், நீங்கள் வங்கி இருப்பைக் காட்ட வேண்டாம். அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள், குடும்பத்தினருக்கும் சேர்த்துக் குறிப்பிடுவார்களா என்றும் கேளுங்கள். குறிப்பிட மறுத்தால் உங்களுக்கு 1,270 பவுண்டு, கணவருக்கு 285, மகனுக்கு 315 என்ற தொகை, இடையில் ஒரு நாளும் குறையாமல் 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும்; அந்த 28 ஆம் நாள் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 31 நாள்களுக்குள் வர வேண்டும். நகையை அடகு வைத்துத் தொகை போடுகிறவர்கள், போட்ட மறுநாளே விண்ணப்பிக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஜூன் இறுதியில் விண்ணப்பிப்பதானால் மே இறுதிக்குள் பணம் கணக்கில் ஏறியாக வேண்டும். நடுவில் ஒரு நாள் பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்து மறுநாள் திரும்பக் கட்டினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இனி, திரும்பப் பெற முடியாத காரியங்கள். வேலையை விடுவது, ஒத்தியைத் திருப்புவது, டிக்கெட் எடுப்பது ஆகிய மூன்றையும் விசா முடிவு கைக்கு வரும் வரை செய்யலாகாது என்பதே என் உறுதியான கருத்து. முடிவு வருவதற்கு முன் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று பிரிட்டிஷ் அரசே சொல்கிறது. மதுரையிலிருந்து கொழும்பு வழியாக லண்டன் போக முடியும் என்பதால், சென்னை போய் ஏறினால்தான் மலிவு என்று முன்பதிவுக்கு அவசரப்படவும் தேவையில்லை. இரண்டு வழிகளின் கட்டணத்தையும் ஆகஸ்டில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஒத்தி வீட்டைப் பொறுத்தவரை கணக்கு சற்று நுட்பமானது. ஒப்பந்தப்படி இரண்டு மாதமோ மூன்று மாதமோ முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றிருக்கும். ஆனால் வீட்டுக்காரர் உங்கள் ஒத்திப் பணத்தை வங்கியில் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. அடுத்து வருகிறவரிடம் வாங்கித்தான் உங்களுக்குத் தருவார். ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடிவருவதில்லை. ஆகவே ஆனி முடிவதற்குள் காலி செய்தால் ஜூலை நடுவில் வெளியேற வேண்டும், அப்போது விசா வந்திருக்காது. இல்லையேல் ஆவணி, அதாவது ஆகஸ்டு 17 வாக்கில். நான் சொன்ன ஆவணி எல்லை இதுதான். ஜூன் தொடக்கத்தில் வீட்டுக்காரரிடம் நேரில் பேசி, "விசா வந்தால் ஆவணியில் காலி செய்வோம், உறுதியான தேதியை ஆடியில் சொல்கிறோம்" என்று தெரிவித்துவிடுங்கள். எழுத்து மூலமான நோட்டீஸை முடிவு வந்த பிறகு கொடுங்கள். நீங்கள் முதலில் புறப்பட்டு, கணவரும் மகனும் ஓரிரு மாதம் அந்த வீட்டிலேயே இருந்தால் ஒத்திப் பணம் முழுதாகத் திரும்பி வரும் வரை ஆள் இருக்கும். பணம் கைக்கு வருவதற்கு முன் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவர்கள் பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டாம்.

குடும்பத்தைப் பிறகு அழைத்துக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. நீங்கள் அங்கே போன பிறகு ஓ.எஸ்.சி.ஈ. என்னும் செயல்முறைத் தேர்வை முதல் மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். அதில் தேறிப் பதிவு பெற்றால்தான் முழுத் தகுதியுள்ள செவிலியராகப் பணிபுரியலாம். தேர்வுக்குப் படிக்கும் வாரங்களில் மகனுக்குப் பள்ளி தேடுவதும் வாடகை வீடு தேடுவதும் சேர்ந்தால் எதிலும் மனம் நிற்காது. துணைவரும் குழந்தையும் பின்னர் தனியாக விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சேவைக்காக விசாவோடு பிரிட்டன் வாங்கும் சுகாதாரக் கூடுதல் கட்டணம், செவிலியருக்கான விசாவில் குடும்பத்தினருக்கும் இல்லை என்பதால், பிரித்து விண்ணப்பிப்பதில் பெரிய நட்டமும் இல்லை. அவர்களுடைய காசநோய்ச் சான்றின் ஆறு மாதக் கெடு மட்டும் நினைவிருக்கட்டும்: அவர்கள் டிசம்பரில் விண்ணப்பிப்பார்கள் என்று முடிவு செய்தால், மே மாதம் அவர்களைச் சென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.

பிந்தித்தான் போய்விட்டது என்றால் கூடுதல் கட்டணம் கட்டி ஐந்து வேலை நாளில் முடிவு பெறும் முன்னுரிமைச் சேவை உண்டு. அதைத் திட்டத்தின் பகுதியாக வைக்காமல் கடைசி வழியாக வையுங்கள். 2022 இல் உக்ரைன் போர் தொடங்கிய பின், அந்நாட்டு அகதிகளுக்கான விண்ணப்பங்களைக் கவனிப்பதற்காகப் பிரிட்டன் இந்தச் சேவையைச் சில மாதம் நிறுத்தியிருந்தது. அதை நம்பியிருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். விதிகளும் நாம் காத்திருக்கும்போதே மாறும். கனடா தன் விரைவு மாணவர் திட்டத்தை 2024 நவம்பர் 8 அன்று அறிவித்த நாளிலேயே மூடியது. பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல், முதியோர் போன்றோரைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை நிறுத்தியது. இரண்டிலும் அந்தத் தேதிக்கு முன் முறையாக விண்ணப்பித்திருந்தவர்களின் விண்ணப்பங்கள் பழைய விதிப்படியே பார்க்கப்பட்டன. ஆகஸ்டு வரை தள்ள வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏஜெண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தும் ஒரு சொல். வெளிநாட்டுச் செவிலியரைச் சேர்ப்பதற்கு அவர்களிடமே கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனின் நெறிமுறை. ஏஜெண்ட் உங்களிடம் "வேலைக்கான கட்டணம்" என்று ஏதேனும் கேட்டிருந்தால், மருத்துவமனையின் மனிதவளப் பிரிவுக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழின் எண்ணை ஏஜெண்ட் வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் மருத்துவமனையிடமிருந்தே பெற்றுக்கொள்வதும் நல்லது.

உங்கள் இப்போதைய மருத்துவமனையில் நோட்டீஸ் காலம் ஒரு மாதமானால், ஜூலை இறுதியில் விசா முடிவு வந்தவுடன் கடிதம் கொடுத்தாலும் ஆகஸ்டு இறுதியில் விடுபட முடியும். மூன்று மாத நோட்டீஸ் என்றால் கதை வேறு: அப்போது இங்கிலாந்து மருத்துவமனையிடம் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பதே சரி, அதையும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், ஏனெனில் அதில் ஏறிய தேதியைப் பிறகு மாற்றுவது இரு தரப்புக்கும் கூடுதல் வேலை. அவர்கள் இதுபோன்ற கோரிக்கைகளுக்குப் பழகியவர்கள், தயங்க வேண்டாம். மகனுக்கு ஜூனில் பள்ளி திறக்கும்போது வழக்கம்போலவே சேர்த்துவிடுங்கள், இயன்றால் முதல் பருவக் கட்டணத்தை மட்டும் கட்டுங்கள். மாற்றுச் சான்றிதழை விசா வருவதற்கு முன் வாங்க வேண்டாம். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகள் கட்டணமின்றியே சேர்த்துக்கொள்கின்றன, கல்வியாண்டின் நடுவிலும் சேர்க்கின்றன, ஆகவே அவன் டிசம்பருக்குப் பிறகு போனாலும் ஓராண்டு வீணாகாது.